கிருமி செத்த பிறகும் முழங்கால் ஏன் மடங்கவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பெரியவரை அவருடைய மருமகள் என்னிடம் அழைத்து வந்தார். கரும்பாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. காலில் கட்டைவிரலோரம் ஒரு சிறு புண் இருந்திருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு இரவு வலது முழங்கால் வீங்கிச் சூடேறியது. "ஆர்த்ரைட்டிஸ்தானே" என்று தைலம் தேய்த்துத் துணி சுற்றி வியாழன் வரை பொறுத்திருந்தார்கள். மருத்துவமனையில் மூட்டுக்குள் ஊசியைச் செலுத்தி இழுத்தபோது வந்தது சீழ்.

இரண்டு முறை மூட்டைக் கழுவினார்கள். ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பரிசோதனை முடிவுகள் எல்லாம் சீராகிவிட்டன. ஆனால் என் மேசையில் அவரைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கியபோது அறுபது டிகிரிக்கு மேல் வரவில்லை. மூட்டின் மேல் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு அடியில் ஈர மணலை அம்மியில் அரைப்பது போன்ற நறநறப்பு.

"கிருமி செத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன் அம்மா மடங்கவில்லை?" என்று கேட்டார் பெரியவர். மருமகளின் கேள்வி வேறு. "மாமாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, அக்கா. அதைக் கூட்ட மாத்திரை ஏதாவது இருக்கிறதா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த முழங்காலைக் கெடுத்ததில் கிருமிக்குப் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, கிருமியைக் கொல்ல ஓடிவந்த அவருடைய சொந்த வெள்ளையணுக்களுக்கு இருக்கிறது. இதைப் பொறுமையாகச் சொல்ல அன்று எனக்கு நேரம் போதவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஒரே பெயருக்குள் பல நோய்கள்

எங்கள் பக்கத்தில் மூட்டில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ஆர்த்ரைட்டிஸ்தான். படியேறும்போது வலிக்கிற ஆயாவின் முழங்காலும் ஆர்த்ரைட்டிஸ். கோணிப்போன பெரியம்மாவின் விரல்களும் ஆர்த்ரைட்டிஸ். விருந்துக்கு மறுநாள் சிவந்து துடிக்கிற மாமாவின் கால் பெருவிரலும் ஆர்த்ரைட்டிஸ். முதலாவது பல ஆண்டுத் தேய்மானம். இரண்டாவது, உடலின் பாதுகாப்புப் படை எந்தக் கிருமியும் இல்லாமலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம். மூன்றாவது, யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் வரும் கௌட்.

பெரியவருக்கு வந்தது இந்த மூன்றிலும் சேராது. பாக்டீரியா மூட்டுக்குள்ளேயே புகுந்து பெருகுவதைச் சீழ் மூட்டழற்சி என்பார்கள். அழற்சி என்றால், காயமோ கிருமியோ உள்ள இடத்துக்கு ரத்தமும் வெள்ளையணுக்களும் திரண்டு வருவதால் உண்டாகும் சூடு, சிவப்பு, வீக்கம், வலி. மற்ற மூன்று நோய்களும் மருத்துவரைப் பார்க்கச் சில நாள் அவகாசம் தரும். இது தராது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

துணியில் முடிந்த ஜவ்வரிசி

மூட்டு எப்படிக் கெடுகிறது என்று புரிய, முதலில் அது எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். பாயசத்துக்கு வைத்திருக்கும் ஜவ்வரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து, மெல்லிய மல் துணியில் முடிந்து, தண்ணீரில் போடுங்கள். ஜவ்வரிசி நீரைக் குடித்து உப்பும். துணி விட்டுக்கொடுக்காது. சற்று நேரத்தில் முடிச்சு திண்ணென்று ஆகிவிடும். விரலால் அழுத்தினால் கொஞ்சம் நீரைக் கசியவிட்டு அமுங்கும். விரலை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டால் மறுபடியும் உப்பிக்கொள்ளும்.

நம் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் அமைப்பும் இதுதான். வழுவழுப்பான, வெண்மையான, சில மில்லிமீட்டர் கனமே உள்ள போர்வை அது. துணியின் இடத்தில் இருப்பது கொலாஜன். உறுதியான புரத இழைகளால் ஆன வலை. ஜவ்வரிசியின் இடத்தில் இருப்பது அக்ரிகன். நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறு. குருத்தெலும்பின் எடையில் சுமார் 70 சதவீதம் நீர்தான். மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும் ஓர் ஆளின் பாரத்தையும் முழங்கால் தாங்குவது இந்த உப்பலின் பலத்தால்.

குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அங்கங்கே தனித்தனியாகச் சில செல்கள் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. அவைதான் அக்ரிகனையும் கொலாஜனையும் பராமரிக்கின்றன. ஜவ்வரிசி கொஞ்சம் சிந்திப்போனால் இந்தச் செல்கள் காலப்போக்கில் ஓரளவு நிரப்பிவிடும். துணி கிழிந்தால் தைக்க ஆளில்லை. பெரியவர்களின் குருத்தெலும்பில் கொலாஜன் வலை ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. மூட்டு தப்புமா தப்பாதா என்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் முடிவாகிறது. முதலில் ஜவ்வரிசி போகும், பிறகு துணி கிழியும். முன்னதுக்கு ஓரிரு நாள் போதும். பின்னது தொடர்ந்து வரும்.

இந்தப் போர்வையைச் சுற்றி மூட்டுக்கு ஓர் உள்ளுறை இருக்கிறது. அதற்கு மூட்டுச் சவ்வு என்று பெயர். எண்ணெய் போன்ற மூட்டு நீரைச் சுரந்து குருத்தெலும்புக்கு வழவழப்பையும் உணவையும் தருவது அதுதான். நல்ல முழங்காலில் அந்த நீர் சில மில்லிலிட்டர்தான் இருக்கும்.

கிருமி வரும் வழி

பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது. கால் புண், பல் ஈறு, சிறுநீர்ப் பாதை என்று எங்கோ தோலோ உறையோ விட்ட இடத்தில் பாக்டீரியா ரத்தத்தில் நுழைகிறது. மூட்டுச் சவ்வில் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. பல உறுப்புகளின் உறைக்கு அடியில் வடிகட்டி போல ஒரு மெல்லிய படலம் இருக்கும். மூட்டுச் சவ்வுக்கு அது இல்லை. வாசலில் கதவே இல்லாத வீடு மாதிரி. ரத்தத்தில் மிதக்கும் கிருமி ஒதுங்க இடம் தேடினால் அதற்கு இங்கே இடம் கிடைத்துவிடுகிறது.

வளர்ந்தவர்களில் அதிகம் காணப்படும் குற்றவாளி ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய மூக்கிலும் தோலிலும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிற அதே பாக்டீரியா. கொலாஜனைப் பற்றிக்கொள்ளும் பசைப் புரதம் இதன் பல வகைகளுக்கு உண்டு. செல்களைத் துளைக்கும் நச்சும் உண்டு. ஆகவே கிருமி தானாகவும் தீங்கு செய்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிக அதிகமாகப் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான்.

யாருக்கு எளிதில் வரும்? முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், முடக்குவாதம் உள்ளவர்கள், செயற்கை மூட்டு வைத்தவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பட்டியலில் இடம்பெறும் ஒருவராவது இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: குருத்தெலும்பு, நீர் குடித்த ஜவ்வரிசியைப் போல உப்பி நிற்கிறது. கொலாஜன் வலை அதைக் கட்டிக்காக்கிறது. வலை கிழிந்தால் திரும்ப வராது. பாக்டீரியா ரத்தத்தின் வழியே மூட்டுச் சவ்வுக்கு வந்து, அங்கிருந்து மூட்டு நீருக்குள் இறங்குகிறது.

முதலில் வந்து சேரும் காவலர்கள்

மூட்டுச் சவ்வில் நிரந்தரமாகக் குடியிருக்கும் காவலர்கள் உண்டு. கிருமியையும் குப்பையையும் விழுங்கும் பெரிய செல்கள் அவை. அவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவின் சுவரில் உள்ள சில மூலக்கூறுகள் நம் உடலில் எங்குமே இல்லாதவை. மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் அவற்றை அடையாளம் காணும் உணரிகள் இருக்கின்றன. பட்டதும் அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. கிருமியை விழுங்கத் தொடங்குகிறது, கூடவே உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது.

கூப்பிடும் குரல் ஒரு வேதிப்பொருள். ஒரு செல் மற்ற செல்களுக்கு அனுப்பும் இத்தகைய செய்திப் புரதங்களை சைட்டோகைன் என்று அழைக்கிறார்கள். இந்த நோயில் முக்கியமானவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 என்ற இரண்டும். இவை ரத்தக்குழாயின் உள்சுவரை ஒட்டும் தன்மையுள்ளதாக்கி, இடைவெளிகளைத் திறந்துவிடுகின்றன. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் அங்கே ஒட்டி, நசுங்கி, பிதுங்கி வெளியேறி மூட்டுக்குள் இறங்குகின்றன.

இப்படி அலையலையாக வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. குறுகிய ஆயுள் கொண்டவை. போர்க்களத்துக்கு வந்து, கொன்று, தாங்களும் மடிந்துவிடும். நல்ல மூட்டு நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200க்கும் குறைவான வெள்ளையணுக்களே இருக்கும். சீழ் மூட்டழற்சியில் அது பெரும்பாலும் 50,000த்தைத் தாண்டிவிடும். அவற்றில் மிகப் பெரும்பகுதி நியூட்ரோஃபில்கள். பெரியவரின் சிரிஞ்சில் வந்த மஞ்சள் சீழின் பெரும்பகுதி கிருமி என்றுதான் குடும்பத்தார் நினைத்திருந்தார்கள். அதன் மஞ்சளும் கெட்டியும் முக்கியமாக இறந்த நியூட்ரோஃபில்களால் வந்தவை.

பப்பாளிக்காயும் ஆட்டுக்கறியும்

நியூட்ரோஃபில் எப்படிக் கொல்கிறது என்பதை நம் சமையலறையிலிருந்தே சொல்லலாம். முற்றிய ஆட்டுக்கறி வேகாதபோது ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி வைப்போம். பப்பாளிப் பாலில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது. நொதி என்பது ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். வெட்டுகிற நொதி, கறியின் கடினமான இழைகளை அறுத்துப்போடுகிறது. அரை மணி வைத்தால் கறி மெத்தென்று வேகும். மறந்துபோய் இரவு முழுவதும் வைத்துவிட்டால் காலையில் கொழகொழவென்று கிடக்கும்.

நியூட்ரோஃபிலுக்குள்ளும் இதே தொழில் செய்யும் நொதிகள் சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. எலாஸ்டேஸ் ஒன்று, கொலாஜனையே அறுக்கும் கொலாஜனேஸ் மற்றொன்று. இவற்றோடு, துணி வெளுக்கும் ப்ளீச்சில் உள்ள அதே வகை ரசாயனத்தையும் நியூட்ரோஃபில் சொந்தமாகத் தயாரிக்கிறது. கிருமியை விழுங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இவற்றை அதன்மேல் கொட்டினால் வெளியே யாருக்கும் கேடில்லை. அதுதான் நியாயமான வழி.

ஆனால் எல்லாமே உள்ளேயே நடந்து முடிவதில்லை. விழுங்கும்போதே கொஞ்சம் வெளியே சிந்துகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் மூட்டு நீரில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாகத் திரளக்கூடியது. விழுங்க முடியாத அளவுக்கு இரை பெரிதாக இருந்தால் நியூட்ரோஃபில் தன் பைகளை வெளிப்புறமாகத் திறந்து கொட்டிவிடுகிறது. மடிந்து உடையும்போது எஞ்சியதும் சிதறுகிறது. இன்னொரு வழியும் உண்டு. நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே மீன்வலை போல வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும் என்று 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அந்த வலையின் இழைகளிலும் அதே நொதிகள் ஒட்டியிருக்கின்றன.

நொதிக்குக் கிருமியின் புரதம், முழங்காலின் புரதம் என்ற பேதம் தெரியாது. ரத்தத்திலும் மூட்டு நீரிலும் இந்த நொதிகளைப் பிடித்து முடக்கும் தடுப்புப் புரதங்கள் இயல்பாகவே இருக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டருக்கு 200 செல்கள் இருக்கும்போது அவை போதும். 50,000 வந்து உடையும்போது போதாது. போதாததோடு, நியூட்ரோஃபிலின் ப்ளீச் அந்தத் தடுப்புப் புரதங்களில் சிலவற்றையே கெடுத்துவிடுகிறது. மூடிய ஒரு பைக்குள், வடிய வழியில்லாமல், பப்பாளிப் பால் நிரம்பிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் காலை வரை.

குருத்தெலும்பு தன்னையே அரிப்பது

இந்தப் பகுதியை முதன்முதலில் படித்தபோது என் மனமே நம்ப மறுத்தது. சைட்டோகைன்களின் குரல் வெள்ளையணுக்களுக்கு மட்டும் கேட்பதில்லை. குருத்தெலும்புக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பராமரிப்புச் செல்களுக்கும் கேட்கிறது. இன்டர்லூக்கின்-1 வந்து பட்டதும் அவை புதிய அக்ரிகன் கட்டுவதைக் குறைத்துவிடுகின்றன. குறைத்ததோடு நிற்காமல், அக்ரிகனையும் கொலாஜனையும் வெட்டும் நொதிகளைத் தாங்களே சுரக்கத் தொடங்குகின்றன. வீட்டைப் பராமரிக்க வைத்த ஆளே ஓட்டைப் பிரித்து இறக்குவது போலத்தான்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? வளரும் வயதிலும் சிறு காயத்திலும் பழையதைப் பிரித்துவிட்டுத்தான் புதியது கட்ட முடியும். அதற்கான ஆணைகளில் ஒன்று இன்டர்லூக்கின்-1. அளவாக வந்தால் அது பராமரிப்பு. வெள்ளமாக வந்தால் இடிப்பு.

எலும்பிலும் இதே கதைதான். எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்கள் சைட்டோகைன்களால் தூண்டப்பட்டு அளவுக்கு மேல் அரிக்கின்றன. எக்ஸ்ரேயில் மூட்டோரத்து எலும்பு வெளிறித் தெரிவது பல நாள் கழித்துத்தான். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முதல் வாரத்தில் யாரும் நிம்மதியடைந்துவிடக் கூடாது.

சுருக்கிச் சொன்னால், மூட்டுச் சேதம் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. கிருமியின் நச்சு ஒரு பக்கம். நியூட்ரோஃபில் சிந்தும் நொதியும் ரசாயனமும் இன்னொரு பக்கம். சைட்டோகைனின் ஆணையால் குருத்தெலும்புச் செல்லும் எலும்புச் செல்லும் செய்யும் இடிப்பு மூன்றாவது.

பொய் அலாரம் அடிக்கும் கிருமி

டி செல் என்பது குறிப்பிட்ட ஒரு பகையை மட்டும் அடையாளம் கண்டு தாக்கப் பழகிய வெள்ளையணு. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு குறி. சாதாரணத் தொற்றில், பல்லாயிரத்தில் ஒன்றுக்குத்தான் அந்தக் கிருமி பொருந்தும்; அது மட்டும் எழுந்து வேலை செய்யும்.

ஸ்டாஃபிலோகாக்கஸின் சில வகைகள் சூப்பர் ஆன்டிஜென் என்ற நச்சுப் புரதத்தைச் சுரக்கின்றன. சாவி பொருந்தாமலே பூட்டைத் திறந்துவிடும் புரதம் அது. ஐந்தில் ஒரு பங்கு டி செல்கள் வரை ஒரே சமயத்தில் எழுந்துவிடக்கூடும். எழுந்தவை குறியில்லாமல் சைட்டோகைனைக் கொட்டுகின்றன. அதைக் கேட்டு மேக்ரோஃபேஜ்கள் இன்னும் வெறிகொள்கின்றன. கிருமிக்கு இதில் லாபம் உண்டு: குழப்பத்தில் தன்னைக் குறிவைக்க வேண்டிய படை சிதறிவிடுகிறது.

செத்த கிருமியும் சும்மா இருப்பதில்லை

இப்போது பெரியவரின் கேள்விக்கு நேராக வருவோம். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்கிறது. செத்த கிருமியின் சுவரும் டி.என்.ஏ.வும் துண்டு துண்டாக மூட்டில் மிதக்கின்றன. மேக்ரோஃபேஜின் உணரிகள் அடையாளம் காண்பது இந்தத் துண்டுகளைத்தான். கிருமிக்கு உயிர் இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. சுவீடன் ஆய்வாளர்கள் 1999இல் எலியின் மூட்டில் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. மூட்டு வீங்கியது, அழற்சி வந்தது.

ஆகவே கிருமி செத்த நாளும் இடிப்பு நின்ற நாளும் ஒன்றல்ல. பெரியவருக்கு முதல் நான்கு நாட்களிலேயே ஜவ்வரிசி பெரும்பாலும் போய், துணியும் கிழியத் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு மூட்டுச் சவ்வு தடித்துத் தழும்பாகி ஒட்டிக்கொண்டது. நான் என் உள்ளங்கையில் உணர்ந்த நறநறப்பு, போர்வை இழந்த பரப்புகள் ஒன்றோடொன்று உராயும் சத்தம். கிருமி நிஜமாகவே செத்துவிட்டது, தாத்தா. டாக்டர் சொன்னது பொய்யில்லை.

அப்படியானால் காவலர்களை நிறுத்திவிடலாமா?

கரும்பு வெட்டுக்கு முன்னால் தோட்டத்துக்குத் தீ வைப்பதை எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொடியில் காயும் துணிகள்மேல் கறுப்புச் சாம்பல் பறந்து வந்து விழும். தீ, காய்ந்த சோகையை எரித்துப் பாம்பை விரட்டிக் கரும்பை நிற்கவைத்துவிட்டுப் போகிறது. அதற்காகத்தான் காற்றுப் பார்த்து, தீத்தடுப்புப் பாதை வெட்டி, ஆள் நிறுத்தி வைக்கிறார்கள். காற்று திரும்பினால் அதே தீ அடுத்த வயலையும் தின்றுவிடும். அதற்காக யாரும் தீயே வேண்டாம் என்று சொல்லிச் சோகையோடும் பாம்போடும் விட்டுவைப்பதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1990களில் தொடங்கி, சுவீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸைச் செலுத்தி, வெவ்வேறு காவலர்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நியூட்ரோஃபில்களை நீக்கிய எலிகள் அதிகமாக மடிந்தன. கிருமி ரத்தமெங்கும் பெருகியது. டி.என்.எஃப். இல்லாத எலிகளுக்கு மூட்டுச் சேதம் குறைந்தது, ஆனால் சாவு கூடியது. ஒரு வகை டி செல்களை நீக்கியபோது மூட்டழற்சி லேசானது. மூட்டைக் கெடுப்பவர்களும் உயிரைக் காப்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மருமகளின் கேள்விக்கும் இங்கேதான் பதில். எதிர்ப்பு சக்தி என்று நாம் ஏதோ தொட்டியில் நிரப்பும் தண்ணீர் போலப் பேசுகிறோம்; குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அது பல வகைச் செல்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் நடத்தும் வேலை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் நியூட்ரோஃபில் மந்தமாக நகர்கிறது, சரியாக விழுங்குவதில்லை. அதனால் கிருமிக்கு ஆரம்பத்தில் இடம் கிடைக்கிறது. பிறகு படை திரளும்போது மூட்டுக்குள் நொதி குறைவாக இருப்பதில்லை. "சக்தி குறைவு" என்ற ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்காது. கடையில் விற்கும் எதிர்ப்பு சக்தி மாத்திரை இந்த இரண்டில் எதையும் திருத்தாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது முதலாவதைத் திருத்தும். பிறகு மருமகளிடம் நான் இதைச் சொன்னபோது, மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தில் அவர் சர்க்கரை அளக்கும் பட்டைகள் வாங்கினார்.

அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும் மருந்தை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று மருத்துவர்களும் யோசித்திருக்கிறார்கள். 2003இல் கோஸ்டா ரிக்காவில் சீழ் மூட்டழற்சி வந்த குழந்தைகளுக்குச் சில நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது வலியும் வீக்கமும் சீக்கிரம் அடங்கின, பிற்காலக் குறைபாடும் குறைந்தது. பெரியவர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை யாரும் தொட வேண்டாம். ஆன்டிபயாடிக்கின் காவல் இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது தீயை அணைத்துவிட்டுப் பாம்பை வயலிலேயே விட்டுவைப்பதாகும்.

ஏன் கழுவுகிறார்கள்

"மருந்துதான் போகிறதே, பிறகு ஏன் ஆபரேஷன்?" என்று நிறையக் குடும்பங்கள் தயங்குகின்றன. இதுவரை படித்தவர்களுக்கு இனி விளக்கம் அதிகம் தேவைப்படாது. மூட்டிலிருந்து சீழை ஊசியால் இழுப்பதும், சிறு துளையிட்டுக் குழாய்விட்டு உப்புநீரால் அலசுவதும் உயிருள்ள கிருமியை மட்டும் நீக்குவதற்காகச் செய்யப்படுவதில்லை. கறியில் பிசறிய பப்பாளியைக் கழுவி எடுப்பது போல, நொதியையும் சைட்டோகைனையும் செத்த கிருமியின் துண்டுகளையும் உடைந்த நியூட்ரோஃபிலையும் வெளியேற்றுகிறார்கள். ஆன்டிபயாடிக்கால் இந்த வேலையைச் செய்ய முடியாது. கூடவே மூட்டுக்குள் ஏறியிருக்கும் அழுத்தமும் தணிகிறது. குழந்தைகளின் இடுப்பு மூட்டில் இந்த அழுத்தம் எலும்புத் தலைக்குப் போகும் ரத்தத்தையே நெரித்துவிடும்; அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

மீண்டும் சீழ் சேர்ந்தால் மீண்டும் கழுவுவார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டால் முதல் ஆபரேஷன் தோற்றது என்று பொருளில்லை.

முதல் இரவில்

ஒரே ஒரு மூட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வீங்கிச் சூடாகி, அசைக்கவே விடாமல் வலித்தால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சலே இல்லாமலும் இது வரும், முதியவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஏற்கெனவே முடக்குவாதமோ கௌட்டோ உள்ளவர்கள் "வழக்கமாக வருவதுதான்" என்று நினைத்து ஏமாறுவது அதிகம். மற்ற மூட்டுகள் அமைதியாக இருக்க ஒன்று மட்டும் பொங்கினால் சந்தேகப்படுங்கள். தைலம் அழுத்தித் தேய்ப்பது, சூடு ஒத்தடம் கொடுப்பது, மூட்டை வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டுவது எதுவும் வேண்டாம். என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடமும் முதலில் வர வேண்டாம். எங்கள் வேலை கழுவிய பிறகு.

ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாட்களிலும் காவடி எடுக்கும்போதும் தீமிதியின்போதும் பலரும் நாள் முழுவதும் வெறுங்காலோடு நிற்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உணர்வு குறைந்த காலில் முள் தைத்தது தெரியாது.

அவசரப் பிரிவில் மருத்துவரிடம் ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்: எந்த மூட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, உடலில் எங்காவது புண்ணோ தொற்றோ இருக்கிறதா, சர்க்கரை உட்பட வேறு என்ன நோய், என்ன மருந்து. மூட்டில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று சொல்லப்போவது அந்த நீர்தான். புறப்படுவதற்கு முன், போன முறை தொண்டை வலிக்கு வாங்கி அலமாரியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கில் இரண்டை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது. ஆனால் பரிசோதனைக் கூடத்தில் அது வளராதபடி மறைத்துவிடும்.